பூசணம் ஏமாந்த காய்

கொடியும் செடியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இன்றைய சாம்பல் பூசணிக்குப் பூசணி என்று பேர் கிடையாது. நீர்க்காய் என்றுதான் சொல்வார்கள். அதற்கு மேல் சொல்ல அதில் என்ன இருந்தது? பச்சைத் தோல், தொட்டால் கையில் குத்துகிற சுணை, உள்ளே முழுக்கத் தண்ணீர். பறித்துப் போட்டால் ஒரு வாரம் தாங்காது. காம்படியில் கருக்கும், அழுத்தினால் விரல் உள்ளே போகும், அப்புறம் கூடையில் அள்ளித்தான் வெளியே கொட்ட வேண்டும். விதையும் சதையோடு சேர்ந்து கூழாகிவிடும். தப்பித்தவறி எங்காவது ஒட்டிக் காய்ந்த விதை ஒன்றிரண்டு அடுத்த மழைக்கு முளைத்தால் உண்டு.

அப்படித் தப்பிய ஒரு விதையிலிருந்துதான் அந்த ஐப்பசியில் ஆவடை வீட்டுக் கொல்லையில் ஒரு கொடி முளைத்தாள். மளமளவென்று கூரையில் ஏறி, தன் சனம் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று நாலா பக்கமும் தேடிப் பார்த்தாள். அவரை இருந்தது, பீர்க்கு இருந்தது, சுரை இருந்தது. நீர்க்காய்க் கொடி அவள் ஒருத்திதான். அவள் காயும் அழுகினால் அந்த வம்சமே அத்தோடு முடிந்தது.

உட்கார்ந்து புலம்புகிற ரகமில்லை அவள். என் காயில் ஒன்றாவது அடுத்த மழையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொடிக்கு இருப்பதே ஒற்றைக் கால்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த ஒரு காலில் அவள் நின்ற நிற்பை, இரண்டு கால் வைத்திருக்கிற நாம் நிற்க மாட்டோம்.

முதலில் தென்னையிடம் யோசனை கேட்டாள். தென்னை தன் மட்டையையும் சிரட்டையையும் பற்றிப் பெருமை பேசிவிட்டு, அதெல்லாம் உன்னைப் போல ஒரு வருஷத்துக் கொடிக்கு ஆகிற காரியமா என்று முடித்துக்கொண்டது. புளியமரம் கொஞ்சம் நல்ல மாதிரி. தண்ணீரை விட்டுவிடு, வற்றிச் சுருங்கிவிடு, எத்தனை காலமானாலும் கெடமாட்டாய் என்றது. தண்ணீரை விட்டுவிட்டால் நான் என்ன நீர்க்காய் என்று கொடி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பேச்சையெல்லாம் வேலியோரத்திலிருந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் பூசணம். ஊறின பண்டம், காயம்பட்ட காய் எதுவானாலும் வெள்ளையாகப் படர்ந்து குடியேறிவிடுகிறவன். பனி விழுகிற காலையில் கொல்லை முழுக்க ஒரு சுற்று வருவான். எந்தக் காய் எப்போது தளரும் என்று அவனுக்கு அத்துப்படி. ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் அவர்கள் கூட்டத்தில் உண்டு. ஒருத்தன் குடியேறிய காயில் இன்னொருத்தன் கால் வைக்க மாட்டான்.

"எதுக்குத் தாயி இந்த அலைச்சல்? கடைசில எல்லாக் காயும் என் வீடுதானே" என்றான் சிரித்துக்கொண்டே.

கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவனோடு மல்லுக்கு நின்று மூச்சை வீணாக்கவில்லை. அவள் கண் முழுக்க, தன் மஞ்சள் பூவுக்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்த தேனீயின் மேல் இருந்தது. தேனும் ஓடுகிற பொருள்தானே! அது மாதக்கணக்கில் ஒழுகாமல், புளிக்காமல் கூட்டுக்குள் இருக்கிறதே, எப்படி? தேனீ வெளியே வந்ததும் கேட்டே விட்டாள். மேலே மெழுகு பூசி மூடுகிறோம் என்றது தேனீ. அந்த மெழுகை எங்கே எடுக்கிறீர்கள் என்று கொடி விடவில்லை.

"எங்கயும் எடுக்கல அக்கா. வயித்துலருந்து வேர்க்குது. வயிறு முட்டத் தேனைக் குடிச்சிட்டு அசையாமத் தொங்குனா, ஒரு துளி வேர்க்கும். எனக்கு வேர்த்தா ஒனக்கு வேர்க்காதா?"

"வேர்க்க வைக்கேன். என்ன செய்யணும், அதைச் சொல்லு."

தேனீ ஒளிவு மறைவில்லாமல் சொன்னது. நிறையச் சோறு உள்ளே போனால்தான் துளியூண்டு மெழுகு வெளியே வரும். ஆகையால் ஒரு காய்க்கு மேல் வளர்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. சுணை இருக்கிற வரைக்கும் மெழுகு தோலில் படியாது. எறும்பும் புழுவும் கிட்டே வராமல் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்தச் சுணைதான். அதை உதிர்த்துவிட்டால், மெழுகு படிகிற வரைக்கும் பிள்ளை வெறும் உடம்போடு கிடக்கும். பூசணத்துக்கு அந்த இடைவெளி போதும்.

கொடி அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் விடிந்ததும் தன் பிஞ்சுகளில் உச்சிக்கூரையில் கிடந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் உதிர்த்தாள். கட்டைவிரல் தண்டிப் பிஞ்சுகள், பூ கூட இன்னும் வாடவில்லை. ஒவ்வொன்றும் தரையில் விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. அப்புறம் இலையில் இருந்த பச்சையையெல்லாம் இழுத்து இழுத்து அந்த ஒற்றைக் காய்க்கே ஊட்டினாள். இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. கீழே இருந்து பார்த்த ஆவடையின் புருஷன் வெள்ளைக்கண்ணு, கொடியில் நோய் விழுந்துவிட்டது, அறுத்துப் போடலாம் என்றான். ஒரு காய் நிற்கிறதே, பாவம், கிடக்கட்டும் என்று ஆவடை தடுத்துவிட்டாள்.

மாசி பிறந்தது. கொடி பல்லைக் கடித்துக்கொண்டு காயின் சுணையை உதிர்க்க ஆரம்பித்தாள். காய் மொழுமொழுவென்று நின்றது. வெயில் ஏறியது. வேர்க்கவில்லை. மறுநாளும் வேர்க்கவில்லை. வேலியோரம் பூசணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கொடி அதைப் பார்த்துவிட்டாள். தனக்கென்று தண்டில் ஒளித்து வைத்திருந்த கடைசிச் சத்தையும் காய்க்குள் தள்ளினாள். அப்போதுதான் காம்படியில் மெல்லிசாக, விபூதி பூசினாற்போல, வெள்ளை கசிந்தது. கசிந்து இறங்கி, அடிவரைக்கும் மூடியது.

விடியக்காலைப் பனியில் பூசணம் கூரையேறி வந்தான். காயைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். தலையிலிருந்து அடிவரை ஒரே வெள்ளை.

"அடடா, நம்ம ஆளு எவனோ முந்திக்கிட்டான் போலுக்கே."

ஒழுங்கு தவறாதவன் இல்லையா? வந்த வழியே இறங்கிக் கத்தரிப் பாத்திக்குப் போனான். கொடியிடம் அப்போது மிச்சமிருந்தது ஓர் இலைதான். அந்த ஓர் இலையும் குலுங்கக் குலுங்கச் சிரித்தது.

அத்தோடு அவள் காய்ந்துவிட்டாள். தண்டு சருகானது, வேர் செத்துப்போனது. உயிர் மட்டும் காயின் காம்புக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. மழையைப் பார்க்காமல் போவதில்லை என்று அங்கேயே கிடந்தாள்.

கோடை வந்தது, கிணறு வற்றியது, கொல்லையில் ஒரு காய்கறி மிஞ்சவில்லை. ஆவடையும் வெள்ளைக்கண்ணும் கஞ்சிக்கு உப்பைத் தொட்டுக்கொண்டார்கள். தலைக்கு மேலே முழுசாக ஒரு காய் கிடப்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அது வெள்ளை பூத்துக் கிடக்கிறதே. பூசணம் பிடித்ததை யார் தொடுவார்கள்? அவனை ஏமாற்றப் போய்க் கொடி இவர்களையும் ஏமாற்றிவிட்டாள்.

மறுபடி ஐப்பசி நெருங்கி வானம் கறுத்தபோது, கூரை மேய வெள்ளைக்கண்ணு மேலே ஏறினான். காய் குறுக்கே கிடந்தது.

"ஏ ஆவடை, இந்தப் பூசணம் பிடிச்சதை வாங்கிக் குப்பைக்குழில தள்ளு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொழகொழவென்று கையில் ஒழுகும் என்ற பயத்தோடு காம்பைப் பிடித்து வாங்கினாள். குழியை நோக்கி நடந்தாள். காம்புக்குள் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு வருஷத்துப் பாடு குப்பைக்குப் போகிறது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, ஆவடையின் உள்ளங்கைக்குள்ளேயே சொன்னாள்.

"தொடைச்சுப் பாரு, தாயி."

ஆவடை நின்றாள். அப்போதுதான் காயின் கனமும் கெட்டியும் அவளுக்கு உறைத்தது. கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளை விலகி, அடியில் பச்சை பளபளத்தது. உள்ளே ஓடிப்போய் அரிவாள்மணையில் வைத்து அரிந்தாள். தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்தது. நேற்றுப் பறித்த காய் மாதிரி சதை. அதற்குள் வரிசை வரிசையாகத் திரண்ட விதைகள்.

"பூசணமில்லங்க, பூசணமில்ல. இவ மேல பூசிக்கிட்டுல்லா உக்காந்திருக்கா" என்று அவள் கூரையைப் பார்த்துக் கத்தினாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வயிறு காய்ந்து கிடந்தும் குழம்புக்குச் சட்டியைத் தேடவில்லை. முதலில் விதையை அள்ளி முந்தானையில் முடிந்தாள். அன்று சாயங்காலமே மழை இறங்கியது. நனைந்துகொண்டே கொல்லை நெடுக ஊன்றினாள். காம்பையும் அந்த மண்ணிலேயே வைத்து மூடினாள்.

பூசிக்கொண்டவள் என்பதால் பூசணி என்று பேர் நிலைத்தது. அன்றிலிருந்துதான், பிஞ்சில் சுணையோடு இருக்கிற அந்தக் காய் முற்றியதும் சுணையை உதிர்த்துவிட்டுச் சாம்பல் பூசிக்கொள்கிறது. நாமும் அதைக் கையில் எடுத்தால், யாரும் சொல்லித் தராமலே, கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்துப் பார்க்கிறோம்.