மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும்

காட்டோரத்து ஏரி ஒன்றில் நீர்க்காகங்கள் கூட்டமாக வாழ்ந்தன. அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்ததில் ஏரி கரை தெரியாமல் விரிந்துவிட்டது. மீன்கள் மூலைக்கொன்றாகச் சிதறிப்போயின. வேம்பி என்ற நீர்க்காகம் காலை முதல் முங்கி முங்கி எழுந்தும் அலகுக்கு அகப்பட்டது கொஞ்சம்தான். கூட்டில் அவள் குஞ்சுகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

அந்த நேரம் பார்த்தா விருந்தாளிகள் வர வேண்டும்? வடக்கே மழை பொய்த்துத் தங்கள் ஏரி வற்றிப்போனதால், அலகில் பை தொங்கும் கூழைக்கடாப் பறவைகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கின.

நீர்க்காகங்கள் கூடிப் பேசின. விரட்டவும் மனம் வரவில்லை, சேர்த்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் வேம்பிதான் ஒரு வழி சொன்னாள்.

"இருந்துக்கோங்க. ஆனா எங்களை மாதிரி முங்கித்தான் மீன் பிடிக்கணும். றெக்கையால தண்ணிய அடிச்சு மீனைக் கலைக்கிற வேலையெல்லாம் இங்க ஆகாது."

கூழைக்கடாக்கள் தலையாட்டின. போக வேறு இடம் ஏது? ஆனால் பாவம், அந்தப் பெரிய உடம்பு முங்கினால்தானே! தலை உள்ளே போகும், வால் மேலே நிற்கும். நீர்க்காகங்கள் சிரித்தன. வேம்பியும் சிரித்தாள். சில நாளிலேயே கூழைக்கடாக்கள் மெலிந்துபோயின.

ஒருநாள் வேம்பி அடித்தண்ணீரில் ஒரு கெண்டையைத் துரத்தினாள். அது சட்டென்று மேலே பாய்ந்து, அங்கே மிதந்துகொண்டிருந்த பூவலிங்கம் என்ற கூழைக்கடாவின் அலகுப் பைக்குள் விழுந்தது. பட்டினி கிடந்தவர் அதை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

"எடுத்துக்கோ தாயி. நீ துரத்தின மீனு. புள்ளைங்க பசியோட இருக்குமே."

வேம்பிக்கு வெட்கமாகிவிட்டது. மீனைக் குஞ்சுகளுக்கு ஊட்டும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கீழே துரத்தினால் மேலே ஓடுகிற மீன், மேலே தண்ணீரை அடித்தால் எங்கே ஓடும்? கீழேதானே! அவள் பூவலிங்கத்திடம் திரும்பி வந்தாள்.

"அண்ணே, உங்க ஊர்ல செய்யிற மாதிரியே றெக்கையால அடிங்க. நான் கீழ நிக்கிறேன். சட்டம் போட்டவ நான்தான், யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கூழைக்கடாக்கள் அரைவட்டமாக வளைத்து மேல்தண்ணீரை அடித்தன. வேம்பியைப் பார்த்து மற்ற நீர்க்காகங்களும் முங்கி அடியிலிருந்து துரத்தின. நடுவில் மாட்டிய மீன்களுக்குப் போக்கிடமில்லை. அன்று அந்த ஏரியில் ஒரு குஞ்சுகூடப் பசியோடு தூங்கவில்லை.

மறுவருடம் இரண்டு வீட்டுக் குஞ்சுகளும் ஒன்றாகவே மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டன. இதில் எது யார் கொண்டுவந்த வழக்கம் என்று யாராவது கேட்டால், குஞ்சுகளுக்குக் கேள்வியே புரியவில்லை. "நாங்க எப்பவும் இப்படித்தானே பிடிப்போம்" என்றன.

வந்தவர்களின் வழக்கத்தைப் பறிக்காமல் அதற்கும் இடம் கொடுக்கிற ஊரில்தான் எல்லோர் வயிறும் நிறையும்.