காற்று அதேதான், தோட்டா வேறு

தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டில் சடைவாலன் என்றொரு நரி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தான். மேட்டின் அடியில் ஒரு குட்டை இருந்தது. கீழ்க்கரையில் சடைவாலன் தண்ணீர் குடிப்பான். மேல்கரையில் வேட்டைக்காரர் சுடலைக்கண்ணுவின் நாய் வெண்காலன் குடிப்பான். தண்ணீர் குடிக்கும் இடத்தில் யாரும் யாரையும் விரட்டக் கூடாது என்பது அந்தக் காட்டின் பழைய ஏற்பாடு.

அதனால் இந்த இரண்டு எதிரிகளும் மத்தியான வேளையில் கரைக்கு ஒருவராய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சுடலைக்கண்ணு அப்போது உடைமர நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"என்ன வே, முன்ன மாதிரி என்னை விரட்ட வரமாட்டேங்கீரு? கால் தளந்து போச்சா?" என்று ஒருநாள் சடைவாலன் கேலி செய்தான்.

வெண்காலன் பெருமூச்சு விட்டான். "காலுக்கு ஒண்ணும் இல்ல வே. வேலைதான் இல்ல. அந்தக் காலத்துல எங்க சுடலைக்கண்ணு அண்ணாச்சிகிட்ட மருந்து திணிச்சுச் சுடுத நாட்டுத் துப்பாக்கி இருந்துது. ஒத்தப்பனை வரைக்கும்தான் குண்டு எட்டும். அதுக்கு அந்தாண்ட எல்லாம் என் பொறுப்பு."

சடைவாலனுக்கும் அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. 'டமார்' என்று சத்தம் கேட்கும். புகை மேட்டை மூடும். அந்தப் புகையைக் கிழித்துக்கொண்டு வெண்காலன் குரைத்தபடி வருவான். மணல் பறக்க ஓடி, வளைக்குள் பாய்ந்து விழுந்தால் மூச்சு வாங்கும். வெண்காலன் வளை வாசலில் மூக்கை நுழைத்து வாய்க்கு வந்தபடி திட்டுவான். உயிர் போகிற ஓட்டம்தான். ஆனாலும் அப்படி ஓடி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோது சடைவாலனுக்கு நெஞ்சு கனத்தது.

"இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டான்.

"இப்ப ரைஃபிள் வந்துட்டுல்லா. மேல ஒரு தூரக்கண்ணாடி. இந்த மேட்டுல இருந்து அந்த மேட்டுக்குச் சுடலாம். நான் பக்கத்துல சாக்குல உக்காந்து வேடிக்கை பாக்கணும். அவ்வளவுதான்."

பேசப் பேச வெண்காலனுக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டான். "குழல் வாயோட அகலத்தைக் காலிபர்னு சொல்லுவாவ. அண்ணாச்சி எடுத்திருக்கது சின்னது. தோட்டா சன்னமா இருக்கும். தோளை உதைக்காது, நூல் பிடிச்ச மாதிரி நேராப் போவும். ஒரே ஒரு குறைதான். கனம் இல்லாததால அவ்வளவு தூரத்துல காத்து அதைத் தள்ளிட்டுப் போயிரும்."

சடைவாலன் காதுகள் நிமிர்ந்தன. ஆனாலும் ஒன்றும் தெரியாதவனைப் போலத் தண்ணீரை நக்கினான்.

ஆடிக் காற்று தொடங்கியதும் அவன் காட்டில் மழைதான். காற்று ஓய்ந்திருக்கும் நாளில் வளையை விட்டு வரமாட்டான். காற்று அடிக்கும் நாளில் சுடலைக்கண்ணு பார்க்கத் தன் மேட்டு உச்சியில் காலாற நடப்பான். அவர் எதிர்மேட்டிலிருந்து சுடுவார். ஒரு நரி நீளம் தள்ளி மணல் தெறிக்கும். சடைவாலன் உட்கார்ந்து காதைச் சொறிவான். பிறகு சாவகாசமாக இறங்கி, அடிவாரத்தில் மேயும் சுடலைக்கண்ணுவின் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவான். வளையில் நான்கு குட்டிகள் காத்திருந்தன.

மூன்றாவது ஆட்டுக்குட்டி போனதும் சுடலைக்கண்ணு தன் மச்சினனை வரவழைத்தார்.

"ஆடிக் காத்துல இந்தச் சன்னத் தோட்டா எப்படி மாப்ள நிக்கும்?" என்றான் மச்சினன். "எங்கிட்ட பெரிய காலிபர் இருக்கு. தோட்டா தடி, நல்ல கனம். இந்தத் தூரத்துல காத்து அதை அவ்வளவா அசைக்காது."

"தோள்பட்டையைப் பேத்துருமே."

"தோள் முக்கியமா, ஆடு முக்கியமா?"

சுடலைக்கண்ணு துப்பாக்கியை மாற்றிக்கொண்டார். காலடியில் படுத்திருந்த வெண்காலன் எல்லாவற்றையும் கேட்டான். அன்றைக்கு வைத்த சோறு அவனுக்கு இறங்கவில்லை.

மறுநாள் குட்டைக்கரையில் வெண்காலன் சொன்னான்: "இன்னைக்கு உச்சிக்குப் போவாதீரும்."

"காத்து நல்லா அடிக்கே வே? இதைவிட நல்ல நாள் ஏது?"

"காரணம் கேக்காதீரும். நான் அவர் சோத்தைத் திங்கேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது." பிறகு ஒன்று கேட்டான். "அந்தக் காலத்துல நான் குரைச்சா நீரு என்ன செய்வீரு?"

"என்ன செய்வேன், ஓடுவேன்."

"அதை மட்டும் மறந்துராதீரும்."

வயதாகிவிட்டால் எல்லோரும் இப்படித்தான் உளறுவார்கள் என்று எண்ணிக்கொண்டு சடைவாலன் மேடேறினான். காற்று காதை மடக்கியது. உச்சியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலக் காதைச் சொறியக் காலைத் தூக்கினான்.

எதிர்மேட்டில் சுடலைக்கண்ணு ஒரு கண்ணை மூடினார். அதே நொடியில் வெண்காலன் சாக்கைவிட்டுப் பாய்ந்தான். நாலு வருடமாகக் குரைக்காத குரைப்பு அது. மேட்டுச் சரிவில் மணல் பறக்க அவன் இறங்கி வந்தான்.

சடைவாலனின் புத்தி யோசிப்பதற்குள் கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பானை உடைந்தாற்போல மணல் வெடித்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. இடது காது நுனி போய்விட்டது.

ஓடினான், ஓடினான், வளைக்குள் விழுந்தான். வாசலில் வெண்காலனின் மூக்கு நுழைந்தது.

"அறிவுகெட்ட பயலே, நாறப் பயலே!" என்று மூச்சிரைக்கத் திட்டினான். எத்தனை வருடம் கழித்துக் கேட்ட திட்டு! சடைவாலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காத்து அடிச்சுதே வே. ஏன் தள்ளல?"

"காத்து அதேதான். தோட்டா வேற. மச்சினன்கிட்ட இருந்து பெரிய காலிபர் வந்திருக்கு."

"நீரு என்னைக் காப்பாத்தினதுக்கு அண்ணாச்சி ஒம்மைக் கொன்னுருவாரே?"

"நரியைக் கண்டா விரட்டணும். அதுதான் என் வேலை. அதுல யாரு குத்தம் சொல்ல முடியும்?" என்று வாலை ஆட்டிக்கொண்டே திரும்பிப் போனான் வெண்காலன்.

குற்றம் சொல்ல முடியாவிட்டாலும் சங்கிலி போட முடியுமே. அன்றே சுடலைக்கண்ணு அவனைக் கொட்டிலில் கட்டிப்போட்டார்.

சடைவாலன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தேரியை விட்டுக் கிளம்பினான். போகும் வழியில் குட்டையில் நின்று, பழக்கத்தை விடாமல் கீழ்க்கரையிலேயே தண்ணீர் குடித்தான். மேல்கரையில் யாரும் இல்லை. மணலில் பழைய கால்தடங்கள் மட்டும் காற்றில் அழிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு நடந்தான்.

எதிரியின் குறையைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது; அந்தக் குறை இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடி வைப்பவனே பிழைப்பான்.