கதவுக்கு இந்தப் பக்கம்

"அந்த மாடத்தியை இனிமே வர வேண்டாம்னு சொல்லிருங்கம்மா" என்றான் நயினார்.

வைத்தியர் உலகம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு மாடத்தி?"

"பவளத்தோட அம்மா."

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் இருந்தது அந்த வைத்தியசாலை. நடக்க வராத, பேச வராத, தலை நிற்காத பிள்ளைகளை எங்கெங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவார்கள். நயினார் பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவன். உலகம்மாளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்தான். கெட்டிக்காரன். கோபம் மட்டும் மூக்குக்கு மேலே இருந்தது.

பவளம் ஏழு வயதுப் பெண். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளை அடிபட்டு, இரண்டு கால்களும் விறைத்துப் பின்னிக்கொண்டிருந்தன. பேச்சும் கிடையாது.

"அவளுக்கு அளவெடுத்து, பட்டறையில பக்கத்துலேயே நின்னு, காலை நிமிர்த்திப் பிடிக்கிற இரும்புக் காலிப்பர் செஞ்சு வாங்கினேம்மா" என்றான் நயினார். "பொழுதன்னைக்கும் போட்டிருக்கணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வாரா வாரம் பார்க்கிறேன். தோல்வார்ல ஒரு மடிப்பு விழல. பட்டறையில வாங்கின மேனிக்கு அப்படியே இருக்கு. கால் இறுகிக்கிட்டே போகுது. பெத்தவளுக்கே அக்கறை இல்லேன்னா நாம யாருக்காக மாரடிக்கணும்?"

"அவ என்ன சொல்லுதா?"

"அவ என்னத்தைச் சொல்வா? பிள்ளையை வாங்கிக்கிட்டு அவளை வெளியே பெஞ்சில உட்கார வச்சிருவேன். உள்ளே விட்டா தொணதொணன்னு பேசுவா. வேலை ஓடாது."

உலகம்மாள் துண்டை எடுத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"அடுத்த வாரம் வரட்டும்" என்றார்.

நயினாருக்குத் திருப்தி. மாடத்திக்கு நல்ல டோஸ் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் சாரலில் நனைந்துகொண்டு மாடத்தி வந்தாள். இடுப்பில் பவளம். முந்தானை முழுக்கப் பிள்ளையின் தலைமேல். தோளில் ஒரு பை. பைக்கு வெளியே காலிப்பரின் இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களாம்மா? பையில கொண்டு வர்றா!"

உலகம்மாள் பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே வெளியூர் மருத்துவர்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"மாடத்தி, நீ எப்பவும் எங்கே இருப்பே?"

"பெஞ்சுலதாம்மா."

"நயினா, நீயும் அங்கே போய் இரு."

"நானா?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

பெஞ்சில் ஒரு ஓரம் மாடத்தி. மறு ஓரம் நயினார்.

உள்ளே ஏதோ பேசினார்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு பவளம் அழுதாள்.

நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உள்ளங்காலைத் தடவிக் கொடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழங்காலைப் பிடித்தால் மிரண்டுவிடுவாள். இவர்களுக்கு அது தெரியுமா?

எழுந்து போய்க் கதவைத் தட்டினான். நர்ஸ் ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள்.

"உள்ளே பேசிக்கிட்டிருக்காங்க சார். கூப்பிடும்போது வாங்க."

"பிள்ளையைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும் சார்."

கதவு சாத்திக்கொண்டது.

அழுகை நின்றது. திரும்பவும் கேட்டது. நயினார் உட்கார்ந்தான், எழுந்தான், நடந்தான். மாடத்தி அசையவில்லை. கதவின் அடியில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து உலகம்மாள் தலையை நீட்டினார்.

"முடிவு பண்ணியாச்சு. இந்தக் காலிப்பர் வேண்டாம். இடுப்பு வரைக்கும் வர்ற மாதிரி ஒண்ணு செய்யணும். ராத்திரி பகல் கழட்டக் கூடாது. நீ அதன்படி செஞ்சிரு."

"இடுப்பு வரைக்குமா? அவளால திரும்பிப் படுக்கவே முடியாதேம்மா! யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"விவரம் தெரிஞ்சவங்க பேசித்தான் பண்ணியிருக்கு. சொன்னதைச் செய்யி."

"வாரா வாரம் அவளைத் தூக்கிப் பிடிச்சு நிறுத்துறவன் நான்! எங்கே தொட்டா அழுவா, எங்கே தொட்டா சிரிப்பான்னு எனக்குத் தெரியும். என்னை நாய் மாதிரி வெளியே தள்ளிட்டு, ஒரு வார்த்தை கேட்காம, நீங்களா..."

உலகம்மாள் உள்ளே போய்விட்டார். தாழ்ப்பாள் விழுந்தது.

நயினார் கதவில் ஓங்கிக் குத்தினான். "திறங்க! இது என்ன அநியாயம்? திறங்கன்னு சொல்றேன்!"

சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள்.

மாடத்திதான்.

"கத்தாதீங்க சார்" என்றாள் தணிந்த குரலில். "கத்துனா அடுத்த வாட்டி நம்மளைக் கடைசியாத்தான் கூப்பிடுவாவ."

அவள் குத்திக் காட்டவில்லை. அவனுக்கு நல்லது என்றுதான் சொன்னாள்.

நயினாரின் முஷ்டி கதவிலேயே நின்றது.

பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான்.

"காலிப்பரை ஏன் போடுறதில்ல நீங்க?"

அவன் அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. மாடத்தி அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டுகிறானா, கேட்கிறானா என்று பார்த்தாள்.

"போட்டேன் சார். போட்டா அவளைத் தரையில உக்கார வைக்க முடியல. கட்டில்ல சாத்தி வச்சேன். எங்க வீட்டுல எல்லாரும் தரையிலதான் சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். இவ தம்பிக்காரன் தோள்ல சாஞ்சுக்கிடுவா. அவன் ஊட்டுனாத்தான் வாயைத் திறப்பா. நான் ஊட்டுனாக்கூடத் துப்பிருவா. கட்டில்ல ஒத்தையில கிடந்து எங்களையே பாத்துப் பாத்து அழுதா சார். பச்சத்தண்ணி பல்லுல படல. மறுநாளும் அப்படித்தான். இவ அப்பா பொறுக்க மாட்டாம அதைக் கழத்தி எறிஞ்சாவ."

அவள் குரல் ஏறியது.

"காலா சோறான்னு நான் யாருகிட்ட போயிக் கேக்க? உங்ககிட்ட கேக்கத்தான் வாரா வாரம் வாயைத் திறக்கேன். நீங்க கதவைச் சாத்திருதீங்க. அக்கறை இல்லாதவன்னு போன வாரம் நீங்க உள்ளே சொன்னது இந்தப் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. அக்கறை இல்லாமலா சார் ரெண்டு பஸ் மாறி இவளைச் சுமந்துக்கிட்டு வாரேன்? அக்கறை இல்லாமலா?"

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. நெருப்பு மாதிரி இருந்தது.

"சாப்பிடுற நேரம் மட்டும் கழட்டிட்டு, மத்த நேரம்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்க. எந்த நேரம் போட்டா அவளுக்குத் தோதுப்படும்?"

மாடத்தி யோசித்தாள்.

"தம்பி பள்ளிக்கூடம் போன பொறவு அவ சும்மாதான் கிடப்பா. அப்பப் போட்டு, சன்னல் கம்பியைப் பிடிச்சு நிக்க வச்சா நிப்பா சார். தெருவுல ஆடு போறதைப் பாத்துக்கிட்டே நிப்பா. அதுன்னா அவளுக்கு உசுரு."

நயினார் எழுந்தான்.

"வாங்க. இதை உள்ளே வந்து சொல்லுங்க."

மாடத்தி எழுந்திருக்கவில்லை.

"நான் உள்ளே வரலாமா சார்?"

கதவு திறந்தது. இடுப்பில் பவளத்தோடு உலகம்மாள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பு வரைக்கும் என்று சொன்னது தன்னைக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துப் பார்க்கத்தான் என்று நயினாருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு அதுவரை நயினார் பார்த்ததில்லை.

"அவன்கிட்ட என்னத்துக்குக் கேக்கே மாடத்தி?" என்றார். "பிள்ளை யாரு பிள்ளை?"