மகளின் பேண்டில் ஒரு பாட்டு

பொன்மலைப்பட்டியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் பிலோமினா டிரம்பெட் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் வந்து சேர்ந்த மாணவர்களிலேயே மூத்தவர் துரைக்கண்ணு. அவருக்கு அறுபத்தொன்று.

போலீஸ் பேண்டில் முப்பத்து நாலு வருஷம் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவர் அவர். முதல் நாள் வாசலில் வந்து அட்டென்ஷனில் நின்றார். உட்காருங்கள் என்றாள் பிலோமினா. உட்கார்ந்தார், அதுவும் அட்டென்ஷனில்தான். சொல்லித்தருகிறவர் யாராக இருந்தாலும் பேண்டில் அவர் மாஸ்டர். ஆகவே அவளையும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார். வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள்.

கொஞ்சம் ஊதிக்காட்டச் சொன்னாள். ஊதினார். கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"நீங்கதான் சார் எனக்குச் சொல்லித்தரணும்" என்றாள்.

"இல்ல மாஸ்டர். எனக்கு ஒரே ஒரு பாட்டு வேணும்."

போனை எடுத்துப் போட்டுக்காட்டினார். அது ஒரு பழைய ஃபங்க் பாட்டு, ஊர் உலகமெல்லாம் ஆடித் தீர்த்த பாட்டு. டிரம்பெட்டுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. 'ட்ட ட டா' என்று வெடுக்கென்று மூன்று நோட். அப்புறம் ஏழு கவுண்ட் சும்மா இருக்க வேண்டும். மறுபடியும் அதே மூன்று நோட். பாட்டு முழுக்க இவ்வளவுதான்.

இது எதற்கு என்று பிலோமினா கேட்டாள். அவர் மகள் சாருமதிக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். சென்னையில் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து அவள் ஒரு பேண்டு வைத்திருக்கிறாள். பேஸ் கிட்டார் வாசிப்பது அவள்தான். ரிசப்ஷனில் அவர்களே வாசிக்கப் போகிறார்கள். டிரம்பெட்காரன் கனடா போய்விட்டான். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீங்கள் வாருங்கள் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"முடியலைன்னா பரவாயில்லப்பா, முன் வரிசையில உக்காந்து பாருங்க, அதுவே எனக்குச் சந்தோஷம்னு சொன்னா" என்றார் துரைக்கண்ணு. "அந்த முன் வரிசைதான் மாஸ்டர் எனக்கு வேண்டாம்."

ஆகஸ்ட் பதினைந்து, ஜனவரி இருபத்தாறு, தேர், தெப்பம், மந்திரி வருகை என்று பேண்டோடேயே அவர் காலம் போய்விட்டது. மகளுடைய பள்ளிக்கூட ஆண்டு விழா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவள் கிட்டார் வாசிப்பதையே பக்கத்து வீட்டுக்காரருடைய போனில்தான் முதலில் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பிலோமினாவுக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

மூன்று நோட்டும் கால் மணி நேரத்தில் வந்துவிட்டன. வம்பு வந்தது அதற்குப் பிறகு.

'ட்ட ட டா' முடிந்ததும் டிரம்பெட் விறைப்பாக இடுப்புக்கு இறங்கியது. கண் நேரே சுவரைப் பார்த்தது. ஏழு கவுண்ட் கழிந்து கருவி மேலே ஏறி உதட்டுக்கு வருவதற்குள் பாட்டு அரை அடி முன்னால் போயிருந்தது. போலீஸ் பேண்டில் வாசிப்பு நின்றால் கருவி இறங்கியாக வேண்டும். முப்பது பேருடையதும் ஒரே வீச்சில் இறங்க வேண்டும். இறக்காமல் நிற்பது அங்கே ஒழுங்கீனம்.

உதட்டிலேயே இருக்கட்டும் என்றாள் பிலோமினா. சரி மாஸ்டர் என்றார். இறங்கியது. முழங்கைக்குக் கீழே நோட்ஸ் வைக்கும் ஸ்டாண்டை வைத்து அதன்மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினாள். புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பரேடு பழக்கம் அதற்கு அண்ணன்.

ஒரு வாரம் போராடிக் கை நின்றது. அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை. கருவி உதட்டில் இருந்தால் அவருக்கு ஊதாமல் முடியாது. ஏழு கவுண்டையும் ஜோராக நிரப்பித் தள்ளினார்.

"எதுக்கு சார் அங்க வாசிக்கறீங்க?"

"டிரம்பெட்ட சும்மா தூக்கிட்டு நிக்கறது தப்பு மாஸ்டர்."

இதற்கிடையில் சாருமதி அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தாள். டிரம்பெட்டைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தன. துரைக்கண்ணு வீட்டில் அதன்மேல் வாசித்துத் திருப்பி அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படமும், 'கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குப்பா, பரவாயில்ல' என்று ஒரு வரியும் வந்தன. மறுநாள் அந்த வரியை பிலோமினாவிடம் காட்டினார். காட்டிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் வைக்கவே இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லன்னு சொன்னா முன் வரிசைன்னு அர்த்தம்" என்றார்.

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் மாஸ்டர் ஆயிற்றே, அழவில்லை.

"மாஸ்டர், உண்மையா கேக்கறேன். அந்த ஏழு கவுண்ட்ல நான் என்னதான் செய்யணும்?"

பிலோமினா அவருடைய டிரம்பெட்டை எடுத்தாள். வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை மட்டும் கழற்றினாள். அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நாலு நாளைக்கு இது என்கிட்ட இருக்கட்டும்."

"இது இல்லாம சத்தம் வராதே."

"வராது."

தினமும் வரவேண்டும், மவுத்பீஸ் இல்லாத டிரம்பெட்டை வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், மகள் அனுப்பிய பதிவு ஓடும், மூன்று நோட்டுக்கு விரலை மட்டும் அழுத்தவேண்டும் என்றாள். துரைக்கண்ணுவின் முகம் சிவந்தது. டூட்டியில் இருக்கிறவனிடம் தொப்பியைப் பிடுங்கிய மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் மாஸ்டர் உத்தரவு, மீறிப் பழக்கமில்லை.

முதல் நாள் ஏழையும் வாய்விட்டு எண்ணினார். இரண்டாம் நாள் உதட்டுக்குள் எண்ணினார். பிலோமினா ஜன்னலோரம் உட்கார்ந்து சர்ச் கொயரில் பாடுகிறவர்களுக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிய முடிய மறுபடி போட்டாள்.

மூன்றாம் நாள் பாதிப் பாட்டில் அவர் டிரம்பெட்டை இறக்கினார்.

"மாஸ்டர், கொஞ்சம் பின்னாடி போங்க."

போட்டாள்.

"இதோ. இந்த இடம். மூணாவது கவுண்ட் தாண்டினதும் சாரு ஒரு நோட்ட முடிக்காம விட்டுட்டு அடுத்ததுக்கு ஓடறா. கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சின்னப் பிள்ளையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது இப்படித்தான், கதவ பாதி சாத்திட்டு ஓடுவா. நான் ராத்திரி டூட்டி முடிச்சுத் தூங்கிட்டிருப்பேன். கதவு ஆடிட்டே இருக்கும்."

"தப்பா வாசிக்கறாங்களா?"

"இல்ல. நல்லா இருக்கு. இவ்வளவு நாளா இதுக்கு மேல ஏறி ஊதிட்டிருந்தேனா மாஸ்டர்?"

அந்த இடத்தை அவர் இன்னும் ஐந்து தடவை போடச் சொன்னார், போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து மவுத்பீஸை நீட்டினாள். நாலு நாள் என்றீர்களே என்றார். போதும் என்றாள். அன்று அவர் வாசித்தது சரியாக இருந்தது. 'ட்ட ட டா' முடிந்தபின் கருவி உதட்டிலேயே நின்றது, மூச்சுகூட அதற்குள் போகவில்லை. அன்றிரவு மகளுக்குப் புதுப் பதிவு போனது. மகளிடமிருந்து போனே வந்தது.

கல்யாணத்தன்று சர்ச்சில் கொயர் இருந்ததால் பிலோமினா போக முடியவில்லை. இரண்டு நாள் கழித்து துரைக்கண்ணு ஒரு டப்பா லட்டோடு வந்தார். முகம் சரியில்லை. லட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நின்றபடியே இருந்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"விட்டுட்டேன் மாஸ்டர்."

"எதை?"

"ஒரு சுத்து முழுசா விட்டுட்டேன். பன்னிரண்டு சுத்து ஒழுங்கா போச்சு. பதிமூணாவதுல வாசிக்கல. டிரம்பெட் உதட்டுலதான் இருந்தது, இறக்கல. அவ பக்கத்துல நின்னு வாசிக்கறா. அதையே கேட்டுட்டு நின்னுட்டேன். என் இடம் வந்ததும் தெரியல, போனதும் தெரியல."

பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள்.

"கொட்டற மழையில வாசிச்சிருக்கேன். நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல்ல கவர்னர் முன்னாடி வாசிச்சிருக்கேன். ஒரு நோட் விட்டதில்ல. என் பொண்ணு கல்யாணத்துல போய் விட்டுட்டேன்."

"சாரு என்ன செஞ்சாங்க?"

"திரும்பிப் பாத்தா."

"அப்புறம்?"

"சிரிச்சா. என் மூணு நோட்டையும் அவளே கிட்டார்ல போட்டா. போட்டுட்டு மறுபடி என்னைப் பாத்தா. அடுத்த சுத்துல நான் சேந்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுத்தார். அடுத்த மாதம் சென்னையில் ஒரு நிகழ்ச்சிக்கு மகள் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள், அதற்குள் இந்தப் பதிமூன்றாவது சுற்றைச் சரிசெய்தாக வேண்டும், தினமும் வருகிறேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றார். மவுத்பீஸை அவரே கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

பிலோமினா டப்பாவைத் திறந்து ஒரு லட்டை எடுத்துப் பாதியை அவரிடம் கொடுத்தாள். மீதியைத் தான் மெதுவாகத் தின்று முடித்தாள். மவுத்பீஸை எடுத்துத் துடைத்து அவர் டிரம்பெட்டிலேயே மாட்டினாள்.

"மத்ததெல்லாம் சரி பண்ணலாம் சார். அந்த ஒரு இடத்த மட்டும் தொடாதீங்க."