மிச்சமிருந்த முட்டை

பனிமலைகளுக்கு அப்பால், மரம் முளைக்காத ஒரு வடகோடிப் பள்ளத்தாக்கில், பெண் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி யாங்சென். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்டவர்களில் மிக மூத்தவர் நல்லபெருமாள். மடத்துக்கு வெளியே ஒரு கல் அறையில் தங்கியிருந்தார்.

நல்லபெருமாள் கோவில்பட்டியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். கோபம் வந்தால் அவருக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். ஒருநாள் அவர் விட்ட அறையில் சொந்தத் தம்பிக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று. அன்றே பட்டறையைப் பூட்டினார். ஊர் ஊராகத் திரிந்தார். கடைசியில் இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்தார்.

"என் கோபத்தைத் தொலைக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்" என்றார் முதல் நாள்.

"உட்காருங்கள்" என்றார் யாங்சென்.

உட்கார்ந்தார். வருடங்கள் போயின. பாத்திரம் கழுவும்போது சத்தம் வராத அளவுக்கு அவர் அடங்கிவிட்டார் என்று துறவிகள் பேசிக்கொண்டார்கள்.

மடத்துக்குக் கீழே ஒரு ஏரி. ஏரியின் ஓரத்தில் சதுப்பு. கோடை பிறந்ததும் கழுத்துக் கறுத்த நாரைகள் இரண்டு வந்து அந்தச் சதுப்பின் புல்மேட்டில் கூடு வைக்கும். முன்பெல்லாம் அங்கே மனிதர்கள் வருவதென்றால் நடந்துதான் வர வேண்டும். பிறகு மலையைக் குடைந்து சாலை போட்டார்கள். சாலையோடு ஜீப்புகள் வந்தன.

வந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டில், நூடுல்ஸ் உறை, குழந்தையின் டயப்பர் எல்லாம் கரையிலேயே கிடந்தன. அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மக்காது. போன கோடையின் ஆரஞ்சுத் தோல்கூடத் தின்றுபோட்ட மாதிரியே கிடக்கும்.

ஒரு காலையில் நல்லபெருமாள் மேடேறி மூச்சிரைக்க வந்தார். யாங்சென் கூரைக்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை."

"என்ன நடந்தது?"

"சதுப்புக்குள் ஒரு ஜீப் இறங்கியது. நாரைக் கூட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். தண்ணீர் தெறிப்பதை வீடியோ எடுத்தார்கள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சைக் கவனித்தேன். அடங்கிவிட்டது. கை எழவே இல்லை, அம்மா."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. மகிழ்ச்சியில்தான்.

"நாரைகள்?"

"பறந்துவிட்டன."

"முட்டைகள்?"

நல்லபெருமாள் கொஞ்சம் தயங்கினார். "ஒன்றை அண்டங்காக்கை தூக்கிப்போயிற்று."

"நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்."

"ஆமாம். சலனமே இல்லாமல்."

யாங்சென் கையிலிருந்த களிமண் சட்டியைத் தரையில் வீசினார். அது சிதறியது.

"சலனமே இல்லாமல்!"

கூரைமேல் இருந்த துறவிகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் குரல் உயர்ந்து அவர்கள் கேட்டதில்லை.

"இன்னொரு முட்டை இருக்கிறதா?"

"நான் வரும்போது இருந்தது."

"அந்த ஜீப்?"

"போய்விட்டது. ஆனால் கணவாயில் இன்னும் வண்டிகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன."

யாங்சென் கைகூடக் கழுவவில்லை. சரிவில் ஓடினார். நல்லபெருமாள் பின்னால் ஓடினார்.

சதுப்பில் ஒரு நாரை திரும்பி வந்திருந்தது. கூட்டருகே நின்றது. உட்காரவில்லை. முதல் ஜீப் சாலையை விட்டு இறங்கி, முந்தைய வண்டி கிழித்துப் போட்ட தடத்தில் நுழைந்தது. யாங்சென் அந்தத் தடத்தின் நடுவே போய் உட்கார்ந்தார். பனி உருகிய தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது.

டிரைவர் பிரேக் அடித்தார். அவர் கீழ் ஊர்க்காரர். பெயர் நுர்பு. பெண் துறவியை அங்கே 'ஆனி-லே' என்பார்கள்.

"ஆனி-லே! எழுந்திருங்கள். இது பனித் தண்ணீர்."

"தெரியும். வண்டியைப் பின்னால் எடு."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன பிரச்சினை? நாங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம் தெரியுமா?"

"அந்தப் பறவையும் தூரத்திலிருந்துதான் வருகிறது. மலையைச் சிறகால் தாண்டி வருகிறது. இத்தனை வருடத்தில் அது இங்கே ஒரு பாட்டிலை எறிந்ததில்லை."

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் சொன்னாள். "நாங்களும் இயற்கையை நேசிக்கிறவர்கள்தாங்க."

"நீங்கள் நேசிக்கிறவர் வீட்டுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டா போவீர்கள்?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். "நீங்கள் ஒரு துறவி. இவ்வளவு கோபப்படலாமா?"

"படலாம். வண்டியைத் திருப்புங்கள்."

நுர்பு இறங்கி வந்து அருகில் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனி-லே, தண்ணீருக்குள் இறக்காவிட்டால் அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டார்கள். சீசன் கொஞ்ச நாள்தான். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"உன் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது?"

நுர்பு தடத்தைப் பார்த்தார். காலையில் வந்த வண்டி விட்டுப்போன எண்ணெய், தண்ணீர்மேல் ஏழு நிறத்தில் மிதந்தது. கீழ் ஊர் வாய்க்கால் அந்தச் சதுப்பிலிருந்துதான் புறப்படுகிறது. அவர் போய் வண்டியில் ஏறினார்.

பின்னால் மற்ற ஜீப்புகள் வந்து நின்றன. ஹாரன் அடித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். யாங்சென்னின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் பொறுமை இழந்தார். "இந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டு போப்பா. இடம்தான் இருக்கிறதே."

இடம் இருந்தது, கூட்டின் பக்கமாக. நுர்பு தயங்கினார். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பினார். நாரை சிறகை விரித்துக் கத்தியது. காக்கைகள் கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தன.

கரையில் நின்ற நல்லபெருமாள் மூச்சைக் கவனிக்கப் பார்த்தார். கவனிக்க முடியவில்லை. காலில் சூடு ஏறியது. தோளுக்கு வந்தது. அவர் தண்ணீருக்குள் இறங்கி ஓடினார். அவர் வந்த வேகத்தைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

நல்லபெருமாளின் கை உயர்ந்திருந்தது. அவரே அதை அண்ணாந்து பார்த்தார். மெல்ல அதைக் கீழே இறக்கினார். ஜீப்புக்கும் கூட்டுக்கும் நடுவே, சேற்றில் கையை ஊன்றி, தொப்பென்று உட்கார்ந்தார்.

"வாங்கடா! என்மேல் ஏற்றிவிட்டுப் போங்கடா!" என்று தமிழில் கத்தினார். அங்கே யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

நுர்பு இன்ஜினை நிறுத்தினார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா செய்கிறாய்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சாலை அதோ இருக்கிறது, சார். நடந்து போய் அங்கிருந்து பாருங்கள். கண் நன்றாகத் தெரிந்தால் நாரையும் தெரியும்."

கொஞ்ச நேரம் திட்டினார்கள். புகார் செய்வோம் என்றார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஒன்றொன்றாகத் திரும்பின. கடைசியில் இவர்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சதுப்பிலிருந்து வெளியேறினார்கள். நுர்பு தன் ஜீப்பை வந்த தடத்திலேயே, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார்.

சதுப்பில் சத்தம் அடங்கியது. இருவரும் மெல்லக் கரையேறி ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நாரை நெடுநேரம் நின்று பார்த்தது. பிறகு காலை மடக்கி, மிச்சமிருந்த முட்டையின்மேல் உட்கார்ந்தது.

நல்லபெருமாளுக்குப் பல் கிட்டியது. குளிராலா வேறெதனாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்மா, கோபம் வந்துவிட்டது."

"பார்த்தேன்."

"இத்தனை வருடம் உட்கார்ந்ததெல்லாம் வீண்தானே?"

"கை எங்கே போயிற்று?"

அவர் யோசித்தார். "சேற்றுக்குள் இருந்தது."

யாங்சென் தன் அங்கியின் நுனியைப் பிழிந்தார். பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

"ஆனால் அது இன்னும் அடங்கவில்லை, அம்மா. உள்ளே எரிகிறது. இதை என்ன செய்வது?"

"முட்டை பொரிந்து, குஞ்சுக்குச் சிறகு முளைத்து, அது இந்த மலையைத் தாண்டும்வரை வைத்திருங்கள்."

"அதற்குப் பிறகு?"

"அடுத்த கோடையில் அது திரும்பி வரும்."