ஒரு மேட்ச் கூட ஆடாத கீப்பர்

"மூணு கீப்பர் என்கிட்ட வந்தாங்க. மூணு பேரும் ஆட்டத்தையே வுட்டுட்டுப் போயிட்டாங்க. நாலாவது ஆளு நாளைக்குப் போறேன்னு நிக்கிறான். என்கிட்ட இன்னாடா தப்பு?"

பைக்கை ஸ்டாண்டு போட்டதும் எபிநேசர் இதைத்தான் கேட்டார். நல்லா இருக்கியா என்று கூடக் கேட்கவில்லை.

சற்குணம் கோல் போஸ்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பள்ளத்தில் மண் போட்டுக்கொண்டிருந்தார். கீப்பர் நிற்கிற இடத்தில் எந்த மைதானத்திலும் புல் நிற்காது. வாராவாரம் மண் போட வேண்டும்.

"பூட்ஸு கொண்டாந்தியா?"

"நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு கேக்குற."

"கொண்டாந்தியா, இல்லியா?"

"வண்டில கீது."

"மாட்டினு வா."

ரெண்டு பேருக்கும் வயசு நாற்பத்துமூணு. ஒரே பேங்க் டீமில் பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். எபிநேசர் முதல் கீப்பர். சற்குணம் ரெண்டாவது கீப்பர்.

ரெண்டாவது கீப்பருக்கு ஒரே வேலைதான். மேட்சுக்கு முன்னால் முதல் கீப்பருக்கு நாற்பது பந்து உதைத்து அவர் கையைச் சூடாக்க வேண்டும். அப்புறம் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். பாதி ஆட்டத்தில் ஃபார்வர்டை மாற்றுவார்கள், டிஃபெண்டரை மாற்றுவார்கள். கீப்பரை மாற்ற மாட்டார்கள். அவருக்கு அடிபட்டால்தான் உண்டு.

எபிநேசருக்கு அடியே பட்டதில்லை. ஊரில் அப்படித்தான் பேச்சு.

இருநூற்றுப் பதினாலு மேட்ச் ஆடினார் எபிநேசர். சற்குணம் ஒன்று கூட ஆடவில்லை.

இப்போது கதை தலைகீழ். எபிநேசர் பெரிய கிளப்பில் கீப்பிங் கோச். ஏசி பஸ், பெயர் போட்ட டிராக் சூட், சுவரில் மாட்ட ஒரு லைசென்ஸ். அவரிடம் ஒரு கீப்பர் கூட நிலைக்கவில்லை. சற்குணம் வியாசர்பாடியில் ரயில்வே சுவரை ஒட்டின மைதானத்தில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். அவர் கையிலிருந்து போன ஏழு பேர் லீகில் கோல் காக்கிறார்கள்.

இது எபிநேசருக்கு நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. இருந்தாலும் வந்துவிட்டார். நாலாவது ஆளான டில்லிபாபுவும் போய்விட்டால் நீங்களும் கிளம்பலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

சற்குணம் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். கிளவுஸ் மாட்டினார். போஸ்டுக்கு நடுவில் போய் நின்றார்.

"மேட்சுக்கு முன்னாடி டில்லிபாபுக்கு எப்டி அடிப்பியோ, அப்டியே எனக்கு அடி. நாப்பது பந்து."

"உனக்கா? வாணாம். அடிபட்டுடும்."

"அடி."

எபிநேசர் அடித்தார்.

முதல் பந்து வலது மூலை. உள்ளே. ரெண்டாவது இடது மூலை, தரையோடு. உள்ளே. மூணாவதை சற்குணம் தொட்டார். தொட்டும் உள்ளே போனது.

சுவர்மேல் மெக்கானிக் கஜா உட்கார்ந்திருந்தான். "யண்ணா, வலைய மாத்தி ரெண்டு நாளுதான் ஆவுது. பாத்து!" என்று கத்தினான்.

எபிநேசருக்கு அது கேட்டது. இன்னும் வேகமாக அடித்தார்.

பன்னிரண்டாவது பந்து சற்குணத்தின் காலுக்கு நடுவில் போனது.

"இன்னாடா தூங்குறியா? காலு எங்க கீது?" என்றார் எபிநேசர்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அது டில்லிபாபுவிடம் சொல்கிற வசனம். தானாக வந்துவிட்டது.

நாற்பது பந்தும் முடிந்தது. சற்குணம் மூச்சு வாங்கினார். முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது.

"எத்தினி உள்ள போச்சு?"

"முப்பத்தொண்ணு."

"எண்ணுனியா?"

"எண்ணாம?"

"அடிக்க உனக்கு நல்லா இருந்துச்சா?"

எபிநேசர் பொய் சொல்லலாமா என்று பார்த்தார். எதிரே நின்ற ஆளிடம் அது நடக்காது.

"இருந்துச்சு."

"சரி. இப்போ நீ நில்லு."

எபிநேசர் அவரிடமிருந்து கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். ஆறு வருஷம் ஆகிறது போஸ்டுக்குள் நின்று. ரெண்டு முட்டியும் போய்விட்டது. மாடிப்படி ஏறும்போதே கம்பியைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

முதல் பந்து நெஞ்சுக்கு வந்தது. பிடித்தார்.

ரெண்டாவதும் நெஞ்சுக்கு. பிடித்தார். கிளவுஸில் அந்தச் சத்தம் வந்தது. பொத்.

மூணாவது முட்டி உயரம். நாலாவது ஒரு அடி தள்ளி இடது பக்கம். ஐந்தாவது ஒரு அடி தள்ளி வலது பக்கம். பொத். பொத்.

சற்குணம் பந்தை வைத்தார், உதைத்தார், அடுத்த பந்தை வைத்தார். ஒவ்வொன்றும் போன பந்தைவிட ஒரு கைப்பிடி தள்ளி வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது ஆகும்போது எபிநேசர் முட்டியை மறந்துவிட்டார். முப்பது ஆகும்போது பக்கவாட்டில் விழுந்து பிடித்தார். நாற்பதாவது பந்து போஸ்டை ஒட்டி மேலே போனது. அது கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேதான் தாவினார். ரெண்டு கையிலும் வந்து உட்கார்ந்தது.

தரையில் கிடந்தபடியே சிரித்தார்.

"டேய், இன்னும் என்கிட்ட கீதுடா!"

"கீது" என்றார் சற்குணம்.

சுவர்மேல் கஜா விசில் அடித்தான்.

எபிநேசர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் மண். பந்தை இன்னும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது.

"நானா பிடிக்கல. நீ பிடிக்க வெச்சிருக்க."

சற்குணம் மிச்சப் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"அப்போல்லாம் கூடவா? பதினோரு வருஷமுமா?"

"வேற இன்னா செய்வாங்க மேட்சுக்கு முன்னாடி?"

எபிநேசர் பந்தைப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு மேட்சுக்கும் பந்து ஒட்டுகிற கையோடு உள்ளே போனவர் அவர். அந்தக் கை தனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தார். பேட்டியில் கூட அப்படித்தான் சொன்னார்.

இனிமேல் மறைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஒம்பதாவது வருஷம் ஃபைனல் ஞாபகம் கீதா?"

"ம்."

"மொத நாளு பிராக்டீஸ்ல போஸ்டுல மோதி இடது கை வெரலு ஒடைஞ்சிட்ச்சு. யார்கிட்டயும் சொல்லல. டேப்பு சுத்தி மேல கிளவுஸ மாட்டினு வந்துட்டேன். நாம தோத்த அந்தக் கோலு அதனாலதான். கையில பட்ட பந்துடா அது. வெரலு நிக்கல."

"தெரியும்."

"தெரியுமா? யாரு சொன்னாங்க?"

"வார்ம்-அப்ல மூணாவது பந்துலயே தெரிஞ்சிது. இடது கைய உள்ள இழுத்துக்கின."

"அப்புறம்?"

"மிச்சம் முப்பத்தேழையும் வலது பக்கமா போட்டேன். மேனேஜர் பின்னாடியே நின்னுனு இருந்தாரு. அவரு பாத்துருவாருன்னு."

எபிநேசர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்த அவராண்ட சொல்லியிருந்தா நீ ஆடியிருப்ப."

"ஆமா."

"கப்பு கூட நமக்கு வந்திருக்கும்."

"வந்திருக்கலாம்."

"அப்புறம் ஏண்டா சொல்லல? எனக்காகவா?"

சற்குணம் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"என்னைய பெரிய மனுசனாக்காத எபி. நான் பயந்துட்டேன். ஒம்பது வருஷமா எப்போடா நிப்பேன், எப்போடா நிப்பேன்னு இருந்தவன்தான். நிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் எங்கனா ஓடிடலாமான்னு இருந்துச்சு."

"நீயா? நீ பிராக்டீஸ்ல எப்டி..."

"உனக்கு நான் ஒதைச்சேன். எனக்கு யார்னா ஒதைச்சாங்களா? ஒரு நாளு? நாப்பது வாணாம், நாலு பந்து?"

எபிநேசர் யோசித்தார். பதினோரு வருஷத்தையும் ஒரு தடவை தேடிப் பார்த்தார். மேட்ச் முடிந்து சற்குணம் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போடுகிறது ஞாபகம் வந்தது. தண்ணீர் பாட்டில் கொண்டு வருகிறது ஞாபகம் வந்தது. சற்குணம் போஸ்டுக்குள் நிற்க, தான் வெளியே நின்று உதைக்கிறது மட்டும் எங்கேயும் இல்லை.

"என் கை பந்து பிடிக்கிற கையான்னே எனக்குத் தெரியாது அன்னிக்கி" என்றார் சற்குணம்.

அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் பள்ளத்துக்குப் போய்விட்டார். எபிநேசர் தாவி விழுந்ததில் போட்ட மண்ணெல்லாம் கலைந்திருந்தது.

இன்றைக்கு சற்குணத்துக்குக் கிடைத்த நாற்பது பந்தில் முப்பத்தொன்று உள்ளே போனது. எபிநேசர் அதை எண்ணிக்கொண்டே அடித்திருந்தார்.

மறுநாள் காலை டில்லிபாபு கிளப்புக்கு வந்தான். இருபத்திரண்டு வயசு. நல்ல உயரம். ஜெர்சியைத் துவைத்து மடித்து ஒரு கவரில் கொண்டு வந்திருந்தான்.

"கெளம்புறேன் சார்."

"நாப்பது பந்து. அப்புறம் போ."

"வாணாம் சார். இன்னைக்கும் வாங்கிக் கட்டிக்கணுமா?"

"கடைசியா ஒரு தடவ. வா."

அவன் வேண்டாவெறுப்பாகப் போய் நின்றான். தோள் ரெண்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எபிநேசர் பந்தை வைத்தார். நெஞ்சுக்குப் போட வேண்டும். நெஞ்சுக்கு, நெஞ்சுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் காலை வீசினார். கால் கேட்கவில்லை. பந்து வலது மேல் மூலைக்குப் போய் வலையில் அடித்தது.

டில்லிபாபு பந்தை எடுக்கத் திரும்பினான். கோல் போனால் கீப்பர்தான் எடுத்துவர வேண்டும். அது எபிநேசர் போட்ட சட்டம்.

"நில்லு. நான் எடுக்கறேன். அது என் தப்பு."

"இன்னா சார்?"

"நான்தான் தப்பா அடிச்சேன்."

முட்டி நோக நடந்து போய், வலைக்குள் குனிந்து, பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இந்த நேரம் முழுக்க டில்லிபாபு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நெஞ்சுக்கு. பொத்.

நெஞ்சுக்கு. பொத்.

எட்டாவது, ஒன்பதாவது வரைக்கும் டில்லிபாபு சந்தேகமாகத்தான் பிடித்தான். எப்போது வினை வருமோ என்று. பதினைந்தில் தோள் நிமிர்ந்தது. இருபத்தைந்தில் அவனே கத்தினான். "இன்னும் தள்ளிப் போடுங்க சார்!"

தள்ளிப் போட்டார். பிடித்தான். இன்னும் தள்ளி. பிடித்தான்.

நாற்பதாவதை ஒற்றைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டான். வானத்தைப் பார்த்துச் சிரித்தான். ரெண்டு வருஷத்தில் எபிநேசர் அவன் சிரித்துப் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அது கூட அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"நாளைக்கு வருவியா?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இல்ல சார். மாமா வண்டி எடுத்துட்டாரு. ரெட் ஹில்ஸ்ல தண்ணி கேன் போடுற லைனு. இன்னிக்கி மத்தியானத்துலேர்ந்து வரேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"நான் வேணா மாமாகிட்ட பேசவா?"

"வாணாம் சார். போன வாரம் கூப்ட்டு பேசியிருந்தீங்கன்னா..." முடிக்காமல் விட்டான். எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டான். "நல்லா இருந்துச்சு சார்."

கை கொடுத்துவிட்டுப் போனான். கேட் வரைக்கும் நடக்கவில்லை. ஓடினான்.

மத்தியானம் கிளப்பில் எபிநேசரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். சாயங்காலம் அவர் நேராக வியாசர்பாடிக்கு வந்தார்.

சற்குணம் ஒருத்திக்குப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயசு இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் அவள் கிளவுஸில் சத்தம் வந்தது.

"நீ சொன்ன மாதிரியே அடிச்சேன்" என்றார் எபிநேசர்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"கிண்டல் பண்ணாத. நாப்பதும் கைக்குள்ள போட்டேன். அப்பவும் போயிட்டான். என் வேலையும் போச்சு. அவ்ளோதான், முடிஞ்சிது."

சற்குணம் அடுத்த பந்தை வைத்தார்.

"நாப்பதையும் பிடிச்சானா?"

"பிடிச்சான். ஒண்ணு வுடல."

"அப்போ கீப்பராத்தான் போயிருக்கான்."

பந்தை உதைத்தார்.

முன்னாடி போன மூணு பேரும் அப்படிப் போகவில்லை. அது எபிநேசருக்குத் தெரியும்.