குப்பையாக வந்த கதைகள்

“ஒவ்வொரு தடவையும் குப்பையாத்தான் வருது, டீச்சர்” என்றார் லூர்துசாமி.

சுந்தரவல்லி பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். கேட்டு வருகிறவர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லியும் கொடுப்பார், அதிகம் பேசாமல். லூர்துசாமி வயதில் டீச்சருக்கு மூத்தவர். ஆனாலும் சீடர்தான்.

அவர் சீடரானது ஒரே ஒரு காரியத்துக்காக. மனைவி ரெஜினா எழுதிய கதைகள் எல்லாம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலாகக் கிடந்தன. ரெஜினா போய் ஒரு வருடமாகிறது. வேறு பிரதி கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் இப்போதெல்லாம் இழுத்து இழுத்து மூச்சுவிடுகிறது. அது நின்றால் கதைகளும் போச்சு.

கேபிள் போட்டு புது லேப்டாப்புக்கு அனுப்பிப் பார்த்தாராம். பழையதில் அழகான தமிழ். புதியதில் திறந்தால் ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், ஒன்றுக்கும் அர்த்தமில்லை. பதறிப்போய் அதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினாராம். மறுபடியும் அதே கூத்து. அனுப்பும் வேகத்தைக் குறைத்தார், கேபிளை மாற்றினார், மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றினார். வந்ததையெல்லாம் அழித்தார். அனுப்ப அனுப்ப, டிஸ்க்கின் முனகல்தான் கூடியது.

“அதே குப்பையா, வேற வேற குப்பையா?” என்று கேட்டார் டீச்சர்.

லூர்துசாமி அதைக் கவனித்ததே இல்லை. குப்பையை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

“இன்னொரு தடவை அனுப்புங்க. வந்ததை அழிக்காதீங்க.”

“தாங்குமா டீச்சர்?”

டீச்சர் கேபிளைச் செருகிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

லூர்துசாமி பழைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். விசையை அழுத்தினார். டிஸ்க் கரகரத்தது. பாதியில் ஒருமுறை நின்றே விட்டது.

அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒருவழியாக முழு ஃபைலும் வந்து சேர்ந்தது. அதே கையோடு பழைய கம்ப்யூட்டருக்குள் ஏதோ உரசியது. திரை உறைந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். டிஸ்க் சுற்றவே இல்லை.

லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தார். அதே குப்பை.

“போச்சு டீச்சர். நானே அனுப்பி அனுப்பிக் கொன்னுட்டேன்.”

அவ்வளவு பெரிய மனிதர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டீச்சர் குப்பைக்குப் பக்கத்திலேயே ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். தன்னிடமிருந்த பழைய தமிழ் ஃபாண்ட் ஒன்றை, புது லேப்டாப்பில் இல்லாத எழுத்துருவை, அதில் போட்டார். லேப்டாப்பை லூர்துசாமி பக்கம் நகர்த்தினார்.

“அந்தக் குப்பையில என்னென்ன எழுத்து இருக்கோ, அதையே வரிசையா தட்டுங்க.”

லூர்துசாமி ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டினார். வெற்றுப் பக்கத்தில் ‘ஒ’ விழுந்தது. அடுத்ததற்கு ‘ரு’. இடம் விட்டு, ‘ஊ’. பிறகு ‘ர’. அரைப்புள்ளியைத் தட்டினார். ‘ர’வின் தலையில் புள்ளி ஏறியது.

இன்னும் ஒன்று தட்டினார்.

‘ஒரு ஊர்ல’ என்றிருந்தது.

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினாவின் விரல் அழுத்திய விசைகள், அவள் அழுத்திய அதே வரிசையில்.

“இதையா டீச்சர் இத்தனை தடவை அழிச்சேன்?”

“அடுத்த எழுத்தைத் தட்டுங்க சார்” என்றார் டீச்சர்.